எட்டு மணி நேரச் சாவும் ஒரு மரபணுவின் சான்றும்

1503-04இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி கொச்சியின்மீது படையெடுத்த காலத்தில் அவரது படையைத் தாக்கிய நோய்கள் குறித்துப் போர்த்துக்கீசிய வரலாற்றாளர் காஸ்பர் கொரேயா எழுதியுள்ளார். பெரியம்மை முதலியவற்றோடு, வயிற்றுவலியுடன் திடீரெனத் தொடங்கி எட்டு மணி நேரத்திற்குள் உயிர் பறிக்கும் நோயொன்றும் பரவியது என்பது அவர் கூற்று. மாண்டோர் 20,000 பேர் என்கிறார். மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த உப்பங்கழிப் பகுதியின் இப்போர்க்காலக் குறிப்பு, பிற்கால நூல்கள் பலவற்றில் காலராவின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது.

இம்முடிவு ஆய்வுக்குரியது. கொரேயா இந்தியா வந்தது 1512இல். கொச்சிப் போரை அவர் கண்டவரல்லர். 20,000 என்ற எண்ணும் பல நோய்களுக்குப் பொதுவானது. 1543இல் கோவாவில் பரவிய ‘மொரிக்ஸி’ பற்றிய அவரது விவரிப்பு இதனினும் வலுவான சான்று. ஆயினும் அறிகுறிகளின் ஒப்புமை, நோய்க்கிருமியின் அடையாளம் ஆகிவிடாது.

அடையாளத்தை நெருங்க உதவுவது நச்சு மரபணு. காலரா உயிர் குடிப்பது ஒரு நச்சினால்தான் என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் மெய்ப்பித்தார். அந்நச்சின் ‘பி’ கூறுக்குரிய மரபணு எல்லாத் திரிபுகளிலும் ஒன்றாக இல்லை. பழைய ‘கிளாசிக்கல்’ வகைக்கும், 1961இல் ஏழாம் உலகக் கொள்ளைநோயைத் தொடங்கிய ‘எல் டோர்’ வகைக்கும் 39, 68ஆம் இடங்களின் அமினோ அமிலங்கள் வேறுபடுகின்றன. இந்த மரபணு இடம்பெயரவும் வல்லது. அதைச் சுமப்பது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் என்று வால்டரும் மெக்கலானோஸும் 1996இல் காட்டினர். பின்னாளில் எல் டோர் உடலில் கிளாசிக்கல் நச்சு மரபணு காணப்பட்டதும், 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 வகை காலரா நச்சைச் சுரந்ததும் இதனோடு இயைகின்றன. ஆகவே நச்சின் வரலாறும் கிருமியின் வம்சாவளியும் எப்போதும் ஒன்றல்ல.

பழங்காலத் திரிபையும் படிக்க இயலும். 1849இல் பிலடெல்பியாவில் இறந்த ஒருவரின் பதப்படுத்தப்பட்ட குடலிலிருந்து பெற்ற மரபணுத் தொகுதி 2014இல் வெளியானது. அது கிளாசிக்கல் வகை. ஆனால் காலராக் கிருமி பெரும்பாலும் குடலைத் தாண்டுவதில்லை. பிளேக்கைப் போலப் பல்லிலோ எலும்பிலோ அதன் தடத்தைத் தேடிப் பயனில்லை. போர்க்களத்தில் எரிந்த, புதைந்த உடல்களின் குடல் எஞ்சுவதுமில்லை.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. இந்தியா தொன்றுதொட்டே காலராவின் தாயகம் என்ற காலனிய மருத்துவ வரலாற்றின் வாதம் இத்தகைய குறிப்புகளையும் தூணாகக் கொண்டது. மக்னமாராவின் 1876ஆம் ஆண்டு நூல் அதற்குச் சான்று. கொச்சிப் போரின் சாவுகளைக் ‘காலராவை ஒத்த வயிற்றுநோய்’ என்று குறிப்பதே சான்று அனுமதிக்கும் எல்லை.