சென்னை மாகாணத்தில் உயிலின் வரலாறும் அது விட்டுச்சென்ற இடைவெளியும்

மிதாட்சர முறைப்படி வாழ்ந்த இந்துக் கூட்டுக் குடும்பத்தில் உயிலுக்கு வேலையே இல்லை. பாகப்பிரிவினை ஆகும்வரை இன்னாருக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. ஒருவர் கண்மூடினால் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளிடம் தானே சேர்ந்துவிடும். கும்பினியாரோடு தொழில் செய்து, சுயமாகப் பொருள் ஈட்டிய சென்னைப்பட்டணத்துத் துபாஷிகள் இந்த ஏற்பாட்டை மீறத் தொடங்கினார்கள்.

அவர்களுள் முதன்மையானவர் பச்சையப்ப முதலியார். 1794-இல், தாம் காலமான ஆண்டிலேயே, கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் சொத்தை ஒதுக்கி உயில் எழுதினார். ஆனால் அந்தச் சொத்து அரை நூற்றாண்டுக் காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்ட பிறகே அறக்கட்டளை நிலைபெற்றது. தருமங்கள் போக மிஞ்சிய தொகையில் 1842-இல் பள்ளி எழுந்தது. இன்று பச்சையப்பர் பெயர் சொன்னால் நினைவுக்கு வரும் கல்விப்பணி, உயிலின் உபரியில் பிறந்தது. எழுதிவைத்தால் மட்டும் போதாது, அதை நிறைவேற்ற நேர்மையான ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நம்மிடம் அதிகமில்லை.

ஆங்கிலேய அரசே இதில் தடுமாறியது. சென்னை அரசின் 1829-ஆம் ஆண்டு 5-ஆவது ஒழுங்குமுறை, இந்து தருமசாஸ்திரத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கு மட்டுமே இந்துக்களின் உயில் செல்லும் என்றது. ஆண் வாரிசற்ற இந்து தம் தனிச்சொத்தை உயிலால் கொடுக்கலாம் என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1856-இல் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. 1870-இன் இந்து உயில்கள் சட்டம் வந்தபோது சென்னை நகரம் அதற்குள் அடங்கியது. வெளி மாவட்டங்கள் அடங்கவில்லை. அங்கெல்லாம் வாய்மொழி உயிலும் செல்லுபடியானது. 1927 ஜனவரி 1 முதல்தான் எல்லா இடத்திலும் எழுத்தும் இரண்டு சாட்சிகளும் கட்டாயமாயின.

கூட்டுச் சொத்தில் மட்டும் கதவு திறக்கவில்லை. பிரிக்கப்படாத தம் பங்கை ஒருவர் உயிலால் எழுதிவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1874-இல் தீர்ப்பளித்தது. உயில் உயிர்பெறுவது சாவின் நொடியில். பங்காளிகளின் உரிமை எழுவதும் அதே நொடியில். இரண்டில் பங்காளி உரிமையே மூத்தது என்பது நீதிபதிகளின் தர்க்கம். இந்தக் கூர்மையான தர்க்கத்தை உடைக்க 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தேவைப்பட்டது.

இன்று உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டால் செல்லும். ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்கும்போது, உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். தம்மைவிட மூத்தவர்களையே சாட்சியாக வைத்துக்கொள்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தனை வளர்ச்சியும் செத்தவரின் சொல்லுக்குத்தான். உயிரோடிருந்தும் பேச முடியாதவரின் சொல்லுக்குச் சட்டம் மிகத் தாமதமாகவே காது கொடுத்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ‘காமன் காஸ்’ வழக்கில் முன்கூட்டிய மருத்துவ உத்தரவை ஏற்றது. மீளவே முடியாத நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதிவைக்கலாம். ஆனால் அதில் மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டும் என்றதால் நடைமுறையில் அது எட்டாக்கனியானது. 2023 ஜனவரியில் நிபந்தனை தளர்ந்தது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும்.

உடலுக்கும் சொத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இன்னும் தூர்க்கப்படவில்லை. வயதான தந்தை மகனுக்குப் ‘பவர்’ எழுதிக்கொடுப்பது, தாம் முடியாமல் போகும் நாளுக்காகவே. அந்த நாளில்தான் அது பயனற்றுப்போகிறது. 1872-இன் ஒப்பந்தச் சட்டம், 201-ஆவது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். இங்கிலாந்து 1985-லேயே இதற்குத் தனிச்சட்டம் இயற்றியது. நம்முடைய 1882-ஆம் ஆண்டு அதிகாரப்பத்திரச் சட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. கோமாவில் கிடப்பவரின் வங்கிக் கணக்கை இயக்க மனைவி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இத்தகையோருக்குக் காப்பாளரை நியமிக்க வழிகாட்டு நெறிகள் வகுத்ததும், நாடாளுமன்றம் அந்த வேலையைச் செய்யாததால்தான்.