இதயத்தின் கடிவாளம்

உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை நிதானமாக உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், வெளிவிடும்போது சற்றுத் தளர்வதையும் உணரலாம். இளம் வயதினரிடம் இது நன்கு தெரியும். இதயமோ தானே துடிக்கும் உறுப்பு. தவளையின் இதயத்தை வெளியே எடுத்துத் தகுந்த உப்புக் கரைசலில் இட்டாலும் நெடுநேரம் துடிக்கும். அப்படியானால் அதன் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எது?

இக்கேள்விக்கு முதல் விடை 1845இல் கிடைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகர அறிஞர்களான வேபர் சகோதரர்கள், மூளையிலிருந்து இதயத்திற்கு வரும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். இதயம் நின்றது! தூண்டுதலை நிறுத்தியதும் மீண்டும் துடித்தது. நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கும் என்பதையே அதுவரை அறிந்திருந்தோர் வியந்தனர். தூண்டப்பட்ட நரம்பு ஓர் உறுப்பை எவ்வாறு அடக்கும்?

நரம்பின் செய்தி இதயத்திற்குத் தாவுவது மின்சாரமாகவா, வேதிப்பொருளாகவா என்ற வழக்கு பின்னர் எழுந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய ஆட்டோ லோவி, 1921இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அது தம் கனவில் தோன்றியது என்று அவரே பின்னாளில் கூறினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்திலிருந்த கரைசலை எடுத்து வேறோர் இதயத்தில் இட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு நுனியில் ஏதோ ஒரு பொருள் சுரப்பது உறுதியாயிற்று. அது அசிட்டைல் கோலின் என்று பின்னர் தெளிந்தது. 1936இல் லோவியும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் அப்பொருள் செய்வது என்ன? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. துடிப்பைத் தொடங்கி வைக்கும் செல்லைச் சிறிய தொட்டியாக எண்ணுங்கள். நீர் மெல்ல நிறைகிறது; விளிம்பை எட்டியதும் தொட்டி கவிழ்கிறது; அதுவே ஒரு துடிப்பு. உடனே மீண்டும் நிறையத் தொடங்குகிறது. இங்கு நீர் என்பது செல்லின் சவ்வுக்கு இருபுறமும் உள்ள மின்னழுத்தம்.

தொட்டியின் அடியில் ஒரு துளையிட்டால்? நிறைய நேரமாகும்; துளை பெரிதானால் நிறையவே நிறையாது. வேகஸ் செய்வதும் இதுவே. பொட்டாசியம் அயனிகள் செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறத்தாழ 30 மடங்கு செறிவாக உள்ளன. வழி திறந்தால் அவை நேர் மின்னூட்டத்தோடு வெளியேறும். வேகஸைத் தூண்டும்போது பொட்டாசியத்தின் போக்கு மிகுவதை 1955ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹட்டர், டிராட்வைன் முதலியோர் காட்டினர்.

அந்த வழியைக் கண்ணாரக் காண்பது போன்ற ஒரு முறையை 1976இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நேயரும் சாக்மனும் கண்டனர். மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் நுனியைச் செல்லின் சவ்வில் பொருத்தி, ஒரே ஓர் அயனி வாயில் திறக்கும்போது பாயும் மின்னோட்டத்தை அளந்தனர். அதன் அளவு ஓர் ஆம்பியரின் லட்சம் கோடியில் சில பங்குகளே! 1983இல் இம்முறையால் இதயத்தின் பொட்டாசிய வாயிலும் அளக்கப்பட்டது.

அசிட்டைல் கோலின் இவ்வாயிலை நேராகத் திறப்பதில்லை. அதை ஏற்கும் புரதம் வேறு, வாயில் வேறு. இரண்டுக்கும் இடையே தூது செல்வது ஜி புரதம் என 1985இல் அறியப்பட்டது. அப்புரதம் பிரிந்து உண்டாகும் இரு பகுதிகளில் வாயிலைத் திறப்பது எது? 1987இல் ஒரு குழு பீட்டா-காமா பகுதி என்றது. மற்றொரு குழு ஆல்ஃபா பகுதி என்றது. சில ஆண்டுகள் நீண்ட வாதத்தில் முன்னதே நிலைபெற்றது.

கடிவாளம் இருந்தால் சாட்டையும் வேண்டுமன்றோ? பரிவு நரம்புகள் நார் அட்ரீனலினைச் சுரந்து துடிப்பை விரைவாக்குகின்றன. அட்ரீனலின் இதயத்தை எவ்வாறு விரைவாக்குகிறது என்பதற்கு 1979இல் பிரவுன், டிஃபிரான்செஸ்கோ, நோபிள் ஆகியோர் ஒரு விடை கூறினர். சில வாயில்கள் வழியே நேர் மின்னூட்டம் செல்லுக்குள் நுழைகிறது. அட்ரீனலின் அதை மிகுவிக்கிறது. தொட்டி விரைவில் நிறைகிறது. கால்சியம் வாயில்களுக்கும் இதில் பங்குண்டு. இவ்வறிவு ஏட்டோடு நிற்கவில்லை. அந்த உட்புகும் மின்னோட்டத்தைக் குறைத்து நாடியைத் தணிக்கும் ஐவாபிராடின் என்ற மருந்துக்கு 2005இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது.

மின்சாரமா, வேதிப்பொருளா என்ற பழைய வழக்கை நினைத்துப் பாருங்கள். நரம்பின் நுனியில் வென்றது வேதிப்பொருள். ஆனால் அது இதயத்தில் செய்யும் வேலையோ மின்சார வேலை. உயிரியல் நமக்கு அயலானது என்று இயற்பியல் மாணவர் ஒதுங்குவதுண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் மின்தடையுமே உங்கள் நெஞ்சிலும் நடக்கின்றன. மறுபடி நாடியைத் தொடுங்கள். மூச்சை வெளிவிடும்போது அது தளர்கிறதே, அக்கணத்தில் உங்கள் இதயத்தில் எண்ணற்ற சிறு வாயில்கள் திறக்கின்றன.