பசியாறியாச்சா?



பரிசளிப்பு விழா மலரில் மாமன்னர்களின் சரித்திரத்தை எழுதாமல், தோசைக்கல்லின் சரித்திரத்தை எழுத வந்துவிட்டாரே இவர் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள். ராஜராஜனின் பெயரைப் பாடப்புத்தகம் காப்பாற்றும். விடியற்காலை நாலு மணிக்கு விறகடுப்பை ஊதி ஊதி உங்கள் பாட்டி சுட்ட மாவுத் தோசையை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால் கவனித்துப் பாருங்கள். அவர் "டிபன் ஆச்சா?" என்பார். நாம் "பசியாறியாச்சா?" என்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலை உணவுக்கு நம்மவர் சொல்லும் சொல் இது. தோட்டத்தில் காலை உணவு என்பது பொழுதுபோக்குப் பலகாரமல்ல. உண்மையாகவே பசியை ஆற்ற வேண்டிய சோறு அது.

பால்மரத்தைக் குளிர்ந்த நேரத்தில் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பாட்டன் பாட்டியின் நாள் முழுவதும் இருட்டில் தொடங்கியது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது இன்னும் வானம் வெளுத்திருக்காது. அதற்கு முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்து, கோப்பி கலக்கி, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டாக வேண்டும். (1982 ஜனவரி 1-ஆம் தேதி நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவே, பாட்டி "அஞ்சரைக்குப் பெரட்டு" என்றால் அது இன்றைய ஆறு மணி என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள், மாணவர்களே!)

வீட்டில் வெறும் வரக்கோப்பிதான். சாப்பாடு தூக்குச்சட்டியில் காட்டுக்குப் போகும். நிரை முழுவதும் சீவி முடித்த பிறகு, மங்கில் பால் சொட்டி நிறையும் வரை காத்திருக்க வேண்டுமல்லவா? அந்த இடைவேளைதான் பசியாறும் நேரம். மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு கையால் கொசுவை விரட்டிக்கொண்டு, ஆறிப்போனதை மறு கையால் சாப்பிடுவார்கள். பிறகு பாலை எடுத்துக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை.

ஆரம்ப காலத்தில் அந்தத் தூக்குச்சட்டியில் இருந்தது பழைய சோறு. புழுங்கலரிசிச் சோறு, மோர் கிடைத்தால் மோர், ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். "கூலிக்காரன் கஞ்சி" என்று அதை இளப்பமாகப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு செய்தி சொல்லுகிறேன். 1905-06-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். அப்போது பெரிபெரி நோய் இந்த நாட்டில் ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்துக் கொண்டிருந்தது. தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி கொடுக்கப்பட்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். இந்தியப் புழுங்கலரிசி கொடுக்கப்பட்ட 123 பேரில் நோய் இருந்தது 2 பேருக்குத்தான். அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள்! நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் ரகசியம். நோயாளிகளை வைத்து இப்படிச் சோதனை நடத்த இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் நம் பழைய சோற்றுக்கு அன்றே சான்றிதழ் கிடைத்துவிட்டது.

அப்படியானால் மாவுத் தோசை எப்படி வந்தது? ஊரில் தோசை என்பது பண்டிகை, விருந்தாளி, மாப்பிள்ளை வந்த நாள். அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். புளிக்க வைக்க வேண்டும். பகலெல்லாம் மரம் வெட்டிய கைக்கு ராத்திரியில் ஆட்டுக்கல் எப்படிச் சுற்றும்? காசும் இல்லை. 1920களின் கடைசியில் முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகமெங்கும் தொழில் மந்தம் வந்ததும் 1930-இல் அதை 40 காசு, 32 காசு என்று குறைத்தார்கள். ஒரே காடு, ஒரே உளி, ஆனால் பெண்ணுக்குக் குறைவு. சமையல் மட்டும் அவளுக்கே முழுதாக!

கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வெள்ளை மாவு வந்து கடைகளில் மூட்டை மூட்டையாக நின்றது. ஊற வைக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம், புளிக்க வேண்டாம். இரண்டு குவளை மாவு, உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கையளவு தேங்காய்ப்பூ. தண்ணீர் விட்டுக் கரைத்துக் கல்லில் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் குடும்பத்துக்குப் பசியாற ஆச்சு. பிள்ளை அழுதால் வெங்காயத்துக்குப் பதில் சீனி. பழுத்த வாழைப்பழம் இருந்தால் அதையும் பிசைந்து போடுவார்கள். பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்கார அக்கா சுட்ட லெம்பெங்கும் ஏறக்குறைய இதுவேதான். யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போட வேண்டாம்; வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாவு, ஒரே தேங்காய். மேட்டில் இருந்த துரை பங்களாவில் அதே மாவில் முட்டையும் பாலும் சேர்த்துப் 'பேன்கேக்' என்று தட்டில் வைத்தார்கள். சுட்டது பெரும்பாலும் நம்மைப் போன்ற சமையற்காரர்தான்! மாவு தீர்ந்தால் சாக்குத் துணியும் வீண் போகாது. துவைத்துப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்தார்கள்.

இனி நான் எழுதப் போவது கொஞ்சம் கசப்பு.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். கப்பல் நின்றது. ஆஸ்திரேலிய மாவு அடியோடு இல்லை. பர்மா, சயாம் அரிசி வரத்தும் சுருங்கிவிட்டது. 1945 வரை நம் மக்களைத் தாங்கியது மரவள்ளிக்கிழங்கு. லயத்துக்குப் பின்னால், காட்டோரத்தில், கிடைத்த இடத்திலெல்லாம் குச்சியை ஊன்றினார்கள். கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. அதைத் துருவி, அலசி, பிழிந்து, காயவைத்து, நன்றாக வேகவைத்தால்தான் சாப்பிடலாம். பசியில் அவசரப்பட்டவர்கள் துன்பப்பட்டார்கள். அந்த மாவிலும் நம் பெண்கள் தோசை ஊற்றினார்கள். கல்லில் ஒட்டிக்கொண்டு ரப்பர் மாதிரி இழுக்கும். எண்ணெய் இல்லை, பல நாள் உப்பும் இல்லை. வயிறு நிறையும், சத்து இருக்காது. கால் வீங்கியது, புண் ஆறவில்லை. 1942-43-இல் சயாம் ரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டு போனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. ஆண் இல்லாத வீட்டில் தாய் கிழங்கு பிடுங்கி வந்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "நான் அப்பவே பசியாறிட்டேன்" என்று சொல்லிப் படுத்திருக்கிறாள். இந்தச் சொல்லை எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்!

யுத்தம் முடிந்து மாவு திரும்பியது. நிம்மதி நீடித்ததா? 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிறந்தது; 1960 ஜூலை 31 வரை இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று, பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசிக்கு அளவு. கட்டுப்பாட்டு வட்டாரங்களில் டின் பால் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், யாரும் சேர்த்து வைக்க முடியாதபடி. காலையில் வேலிக் கதவில் நிறுத்திச் சோதனை. தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டை வெளியே கொண்டு போகத் தடை. மரத்தடியில் பசியாறும் வழக்கம் அந்த வட்டாரங்களில் அன்றோடு போயிற்று. பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும் வரை வெறும் வயிறு. நம் பெண்கள் தோசையை ஆடைக்குள் மறைத்துக் கொண்டு போக வேண்டிய காலமும் இந்த நாட்டில் இருந்தது என்றால், இன்றைய பிள்ளைகள் நம்புவீர்களா?

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960களில் சிங்கப்பூரிலும் போர்ட் கிள்ளானிலும் லூமுட்டிலும் மாவு ஆலைகள் வந்தன. கோதுமையை இறக்கி இங்கேயே அரைத்தார்கள். ரொட்டிக்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு லயத்துக்குள் வந்தார். தீபாவளிக்கு வீட்டிலேயே கேக் சுடப் பழகினோம். 'அவன்' ஏது? தகர டின்னுக்குக் கீழே கொஞ்சம் தணல், மூடி மேலே கொஞ்சம் தணல். மலாய்க்காரர் பாவுலு சுடும் அதே முறைதான். மேல்தணல் அதிகமானால் கேக்கின் தலை கருகும், குறைந்தால் நடு வேகாது. அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருந்த அக்காமாருக்கு லயத்தில் தனி மரியாதை.

மாவுத் தோசைக்கு மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறக்கும்போது மூடியைச் சாய்த்து மறைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். கிராணி வீட்டுப் பையன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டு வருவான். "என்னடா, இன்னிக்கும் மாவுதானா?" என்பான். ஒரு நாள் அதைப் பால்மர வேரடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் அம்மாவின் கண்ணில் அது பட்டுவிட்டது. எறும்பு மொய்த்திருந்ததை எடுத்துத் தட்டி, முந்தானையில் முடிந்து கொண்டார். அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அன்றிரவு பாட்டிதான் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜப்பான்காரன் காலத்துக் கதையைச் சொன்னார். பாட்டி கடைசி வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. அம்மா அதில் சீனியும் தேங்காயும் போட்டு அடை சுட்டால் வீடே மணக்கும். நாங்கள் அடித்துக் கொள்வோம். பாட்டி மட்டும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "எனக்கு மாவுத் தோசை ரெண்டு ஊத்தும்மா" என்பார்.