தேவாலா தங்கமும் சிசிஐஇ நம்பரும்

கூடலூர்ல இருந்து பந்தலூர் போற வழியில தேவாலான்னு ஒரு ஊர். பஸ் ஜன்னல் வழியா பார்த்தா தேயிலையும் மழையும்தான் தெரியும். ஆனா 1880 வாக்குல லண்டன்ல இந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே பணம் கொட்டிச்சு. இன்னிக்கு எபிசோட் நெட்வொர்க்கிங் துறையோட உச்சச் சான்றிதழ்னு சொல்லப்படுற சிசிஐஇ பத்தி. அதுக்கும் தேவாலாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

இந்தப் பக்கத்து ஓடைகளில் பணியர்களும் குறும்பர்களும் வெகுகாலமாகத் தங்கம் அரித்து வந்தார்கள். 1879-ல், ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் அனுபவம் உள்ள பிரோ ஸ்மித் என்பவரை அரசாங்கம் ஆய்வுக்கு வரவழைத்தது. அவருடைய அறிக்கை நம்பிக்கை தருவதாக இருந்தது. அவ்வளவுதான், கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. நோயால் நொடிந்துபோன காப்பி எஸ்டேட்டுகள் எல்லாம் தங்க நிலம் என்று கொழுத்த விலைக்குப் போயின. மூலதனத்தில் பெரும்பகுதி நிலம் வாங்குவதிலேயே கரைந்தது. இயந்திரங்களை மலையேற்றிப் பாறையை அரைத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்குகூடத் தேறவில்லை. சில வருஷங்களில் எல்லாம் முடிந்தது. பொறுக்கி எடுத்த கல்லில் தங்கம் இருந்தது நிஜம். ஆனால் முழு மலையும் அந்தக் கல் மாதிரியே இருக்கும் என்று நம்பியதுதான் தப்பு.

இப்போ நூறு வருஷம் தாண்டி வருவோம்.

சிஸ்கோ 1984-ல் தொடங்கிய கம்பெனி. 90-களின் ஆரம்பத்தில் அதன் ரவுட்டர்கள் உலகம் முழுக்கப் பரவின. "எனக்கு நெட்வொர்க்கிங் தெரியும்"னு யார் வேணும்னாலும் சொல்லலாம். நிஜமாவே தெரியுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்காக 1993-ல் சிசிஐஇ வந்தது. எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, கருவிகள் முன்னால் உட்கார்ந்து நெட்வொர்க்கைக் கட்டிக் காட்டணும். நம்பர் 1024-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஆட்களுக்கு இந்த எண் ஏன்னு சொல்லத் தேவையில்லை. அந்த 1024-ஐ மனுஷனுக்குக் கொடுக்கலை, தேர்வு நடந்த லேபுக்கே கொடுத்தாங்க! 1025 தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. தேர்வு எழுதி ஜெயிச்ச முதல் ஆள் டெர்ரி ஸ்லாட்டரி, நம்பர் 1026.

அப்போ லேப் தேர்வு இரண்டு நாள். முதல் நாள் நெட்வொர்க்கைக் கட்டணும். இரண்டாம் நாள் நீங்க சாப்பிடப் போன நேரத்துல, தேர்வாளர் உங்க நெட்வொர்க்கை வேணும்னே கெடுத்து வைப்பார். திரும்பி வந்து, எங்கே கோளாறுன்னு தேடிச் சரி பண்ணணும். 2001 அக்டோபரில் இது எட்டு மணி நேர ஒருநாள் தேர்வானது. கோளாறு தேடும் தனிப் பகுதி போனது. பிறகு 2009-ல் திரும்பி வந்தது. கட்டத் தெரிந்தவரைவிட, கெட்டதைச் சரி செய்யத் தெரிந்தவரையே துறை தேடியது என்பதற்கு இதுவே சாட்சி.

சரி, இந்த நம்பர் வேலையில என்ன மாத்திச்சு? இங்கதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. சிஸ்கோ பொருட்களை விற்கும் கம்பெனிகளுக்குத் தர வரிசை உண்டு. மேல் தரத்தின் பெயர் நெடுங்காலம் 'கோல்டு பார்ட்னர்' என்று இருந்தது. ஆமாங்க, தங்கம்! அந்தத் தகுதிக்கு நான்கு சிசிஐஇ-க்கள் முழுநேர ஊழியராக இருக்கணும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. ஒருத்தர் ராஜினாமா பண்ணினா கம்பெனியோட தகுதியே ஆட்டம் காணும். அப்போ சம்பளப் பேச்சில் யார் கை ஓங்கும்? பெங்களூரு லேபில் தேர்வு எழுதிய எத்தனையோ பேருக்கு அந்த நம்பர் கதவைத் திறந்தது திறமைக்காக மட்டுமல்ல, இந்த விதிக்காகவும்தான்.

விலை ஏறினா போலியும் வரும். கசிந்த கேள்விகளை மனப்பாடம் பண்ணி நம்பர் வாங்குற 'டம்ப்' வியாபாரம் பெருகிச்சு. பொறுக்கி எடுத்த கல்லைக் காட்டி மலையை விக்கிற அதே கதை. இன்டர்வியூவுல நம்பரைப் பார்த்து உட்கார வைப்பாங்க. நடுராத்திரி லிங்க் விழுந்தா, பாறையை அரைக்கிற நேரம் வந்துடும்.

துறையும் நிற்கலை. வேலை கிளவுடுக்கும் ஆட்டோமேஷனுக்கும் நகர்ந்தது. 2020 பிப்ரவரியில் தேர்வையே மாற்றியமைத்து, ஆட்டோமேஷனையும் உள்ளே கொண்டு வந்தார்கள். வாங்கின சான்றிதழையும் மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

அதே தங்கக் காய்ச்சல் காலத்தில் கோலாரிலும் கம்பெனிகள் இறங்கின. அங்கேயும் ஆரம்பத்தில் ஏமாற்றம்தான். இன்னும் ஆழமாகத் தோண்டிய பிறகே வளமான படிவு கிடைத்தது. 2001 வரை சுரங்கம் ஓடியது. ஆனா ஒண்ணை மறந்துடாதீங்க: ஆழமாத் தோண்டினா எல்லா இடத்துலயும் தங்கம் வராது. எந்த இடம்னு முதல்ல சோதிச்சுப் பார்க்கணும்.

லேப் கட்டணம் மட்டும் நம்ம காசுல லட்சத்துக்கு மேல. முதல் தடவையே ஜெயிக்கிறவங்க குறைவு. கூடலூர் பக்கத்து எஸ்டேட் வீட்டுப் பிள்ளைக்கு அது குடும்பத்தோட சேமிப்பாவே இருக்கலாம். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி, லேப்டாப்பில் இலவசமாக் கிடைக்கிற ஜிஎன்எஸ்3-ல ஒரு நெட்வொர்க்கைக் கட்டுங்க. நண்பரை விட்டு அதைக் கெடுக்கச் சொல்லுங்க. எங்கே தப்புன்னு தேடுற அந்த மணி நேரங்கள் உங்களுக்குப் பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தா, இறங்கித் தோண்டலாம். நம்பர் மட்டும்தான் வேணும்னா, தேவாலாவுக்கு ஒருநாள் போயிட்டு வாங்க.