முட்டை குடிக்கிற கோழியும் சுண்ணாம்புச் சுவரும்

போன வருஷம் ஆவணி மாசம். காலையில பதினோரு மணிக்கு முட்டை எடுக்கப் போனா, பெட்டியில வைக்கோல்தான் ஈரமாக் கிடந்தது. பக்கத்துல நின்ன சாம்பக் கோழியோட அலகுல மஞ்சக்கரு. மறுநாளும் அப்படியே. அந்த வாரத்துக்குள்ள நாலு கோழியும் முட்டை குடிக்கப் பழகிருச்சு.

"இந்தப் பழக்கம் வந்தா போகாதுப்பா, அடிச்சுக் குழம்பு வச்சிரு"ன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிட்டார். என் வீட்டுக்காரிக்கு மனசு வரல. "குஞ்சுல இருந்து வளர்த்ததுங்க, ஒரு மாசம் பொறுங்க"ன்னா. அந்த ஒரு மாசத்துல எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க அப்பத்தா முப்பது கோழி வளர்த்தாங்க. ஒண்ணு கூட முட்டை குடிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. இடையில என்ன நடந்துச்சு?

1970-களோட கடைசியில எங்க வீடு மண் சுவர், ஓட்டுக்கூரை. பொங்கலுக்குப் பொங்கல் கிளிஞ்சல் சுண்ணாம்புல வெள்ளையடிப்போம். பங்குனி வர்றதுக்குள்ள சுவத்தோட அடியில ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு இருக்காது. கோழிதான் கொத்தித் தின்னிருக்கும். அப்பத்தா விரட்ட மாட்டாங்க. அது போக குப்பைமேட்டுல புழு, கறையான், கண்மாய்க் கரையில நத்தை. விடிஞ்சு பஞ்சாரத்தைத் தூக்குனா, பொழுது சாயத்தான் கோழி வீடு திரும்பும்.

முட்டையிடுறதுக்கு இருட்டு மூலையில, மணலும் வைக்கோலும் போட்ட வாயகன்ற பானை. கோழி கேவிக்கிட்டு இறங்குன உடனே அப்பத்தா போய் முட்டையை எடுத்துருவாங்க. கரியால கோடு போட்ட ஒரு முட்டை மட்டும் பானையிலயே கிடக்கும், கோழி இடம் மாறாம இருக்க. வித்த காசு அப்பத்தாவோட சிறுவாடு. அதுல தாத்தாவுக்குக் கூட உரிமை கிடையாது. என் ஆறாம் வகுப்பு நோட்டெல்லாம் அந்தக் காசுல வாங்குனதுதான்.

நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான் போடும். நடுவுல அடைக்கு உக்காந்து உடம்பைத் தேத்திக்கும். அந்தக் காலகட்டத்துலதான் நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணைகள் பெருக ஆரம்பிச்சது. அங்க வளர்ந்தது வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகள். இத்தாலியில புறப்பட்டு, அமெரிக்காவுல பெருகி, உலகம் சுத்துன இனம். வருஷத்துக்கு முந்நூறு முட்டை, அடைக்கு உக்கார்ற குணமே கிட்டத்தட்ட போயிருச்சு. கூண்டோட கம்பித் தரை முன்பக்கம் சரிவா இருக்கும். முட்டை விழுந்த உடனே உருண்டு வெளிய வந்துரும். கோழிக்கு எட்டாது. அலகு நுனியைச் சூட்டுக் கத்தியில வெட்டுற வழக்கமும் உண்டு. முட்டை குடிக்கிற பிரச்சினையை அவங்க முடிச்ச விதம் அது.

நம்ம கொல்லைக்கு வருவோம். 2009-ல வீட்டை இடிச்சு சிமெண்டுல கட்டுனேன். சுவத்துக்கு எமல்ஷன் பெயிண்ட், முற்றத்துக்குக் காங்கிரீட். நாய்த்தொல்லைன்னு கோழியைக் கம்பி வலைக்குள்ள அடைச்சேன். தீனி ரேஷன் அரிசியும் சோளமும். எல்லாம் வசதிக்குன்னுதான் செஞ்சேன்.

முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டைக்கு ரெண்டு கிராம் கால்சியம் வேணும். தீனியில கிடைக்கலேன்னா கோழி தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் குறைஞ்சா ஓடு மெலியும். மெலிஞ்ச ஓடு காலடியில உடையும். உடைஞ்சதை ருசி பார்த்த கோழி, அடுத்ததைத் தானே உடைக்கும். ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கும். அடைச்சு வச்ச கோழிக்கு வேற வேலையும் இல்ல.

முதல்ல நான் செஞ்சது, முட்டைக்குள்ள மிளகாய்ப் பொடியை அடைச்சு வச்சதுதான். அதையும் குடிச்சிட்டுப் போயிருச்சு. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. காட்டுல மிளகாய் விதையைப் பரப்புறதே பறவைகதானாம்.

அப்புறம் அப்பத்தா வழிக்குத் திரும்புனேன். கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில வச்சேன். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பை வைக்கக்கூடாது, வாய் வெந்துரும். இருட்டு மூலையில ஆழமான பானை, அடியில கனமா வைக்கோல். காலையில ரெண்டு மூணு தடவை போய் முட்டை எடுத்தோம். கரிக்கோடு போட்ட முட்டைக்குப் பதிலா ஒரு வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல். கொத்திப் பார்த்து அலகு வலிச்சதுதான் மிச்சம். சாயங்காலம் நாங்க காவலுக்கு நின்னு வெளிய மேயவிட்டோம்.

மூணு கோழி அந்த மாசத்துக்குள்ள நிறுத்திருச்சு. சாம்பக் கோழி மட்டும் நிறுத்தல. அதுக்குத் தனியா ஒரு பெட்டி அடிச்சேன், அடிப்பலகை சரிவா, முட்டை உருண்டு பின்பக்கம் விழுற மாதிரி. கடைசியில ஒரு கோழிக்காக நாமக்கல்கிட்டயும் கடன் வாங்க வேண்டியதாப் போச்சு.

முட்டைக் காசை என் வீட்டுக்காரி எங்க வைக்கிறான்னு நான் கேக்குறதில்ல. இந்தப் பொங்கலுக்கு வீட்டோட பின்பக்கம் பூசாமக் கிடந்த செங்கல் சுவத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிச்சேன். அடிப்பக்கம் இப்பவே பெயர ஆரம்பிச்சிருச்சு. யாரும் விரட்டுறதில்ல.