அறுபது பிரதிகள்

1888-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரத்தில், சர்வகலாசாலை ஆசிரியர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைத் தொடங்கினார். சாந்தியாகோ ராமோன் இ கஹால் என்னும் அவரே பதிப்பாசிரியர்; கட்டுரைகளை எழுதியவரும், அவற்றுக்குச் சித்திரம் வரைந்தவரும் அவரே. முதல் இதழில் அச்சானவை அறுபது பிரதிகள். அவற்றுள் பெரும்பகுதி பிறநாட்டுப் பண்டிதர்களுக்குத் தபாலில் போயிற்று.

நரம்பு மண்டலம் எங்ஙனம் அமைந்து தொழிற்படுகிறது என்று ஆராய்ந்த அக்கால அறிஞர் பலர், அதன் இழைகள் யாவும் இடையறாது பின்னிக் கிடக்கும் ஒரே வலையென்று கருதினர். இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, சிற்சில உயிரணுக்கள் மட்டும் கருமையாகத் துலங்கும்படி செய்யும் உபாயத்தை 1873-இல் வெளியிட்டவராயினும், அந்த வலைக் கொள்கையைக் கைவிட்டாரில்லை. கஹால் அதே உபாயத்தைச் செப்பனிட்டு, இழைகளின் சிக்கல் குறைந்த பறவைகளிடத்தும் பிராணிகளின் கருக்களிடத்தும் பிரயோகித்தார். சிறுமூளையில் ஒருவகை அணுவின் நார்கள் பர்க்கின்ஜி எனப்படும் வேறுவகை அணுக்களின் உடலைக் கூடைபோலச் சூழ்ந்து, அவற்றோடு ஒன்றாகாமல் அங்கேயே முடிவதைக் கண்டு, அதைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். ஒவ்வோர் அணுவும் தனித்தது என்ற துணிபுக்கு அந்தக் கூடைகளே முதற்சான்றாயின.

ஆனால் ஸ்பானிய மொழியை அறிந்த ஆராய்ச்சியாளர் வெளிநாட்டில் அரியர்; பிரதிகள் போய்ச் சேர்ந்தும் பெரிதாய்ப் பேச்செழவில்லை. எனவே கஹால் 1889 அக்டோபரில், ஜெர்மன் உடற்கூற்றியலார் பெர்லினில் கூடிய மாநாட்டுக்குத் தம் கண்ணாடித் தகடுகளுடன் நேரிற் சென்று, வந்தவர்களையெல்லாம் உருப்பெருக்கி வழியே பார்க்கும்படி வேண்டினார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் பார்த்தார். பார்த்தபின் கஹாலின் பக்கம் நின்றார். 1891-இல் வால்டையர் என்னும் அறிஞர், இந்த அணுக்களுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

1906-இல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சமமாகப் பகிரப்பட்டபோது, கோல்ஜி தம் பரிசுரையிலேயே நியூரான் கொள்கையை மறுத்துப் பேசினார். ஒரே சாயத்தைக் கொண்டு ஒரே திசுவைக் கண்ட இருவரே இங்ஙனம் மாறுபட்டனரெனில், அச்சிட்ட ஏடு மாத்திரம் எவரையும் இணங்கச் செய்துவிடாது என்பது தெளிவு. எனினும், எதை எப்படிச் செய்து எங்கே பார்க்கவேண்டும் என்பதைப் பிறர் தாமே சோதித்தறியும்படி எழுதிவைப்பது ஏட்டின் வேலை. அவ்வேலையைக் கஹாலின் சிறு பத்திரிகை செம்மையாகவே செய்தது.