சார்பும் சார்புணர்வும்: இஸ்ரேல்–பாலஸ்தீன மோதலில் ஊடகமும் பிரபலங்களும்

இஸ்ரேல்–பாலஸ்தீன மோதலைப் பற்றி எழுதும் ஊடகம் ஒரே நாளில் இரு தரப்பாரிடமும் வசை வாங்குவது வழக்கம். மேலை ஊடகங்கள் இஸ்ரேலின் குரலாகவே ஒலிக்கின்றன என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு; அவையே ஹமாஸின் கூற்றுகளைச் சோதிக்காமல் பரப்புகின்றன என்பது மறுதரப்பின் குற்றச்சாட்டு. நடிகர்களும் பாடகர்களும் வாய் திறந்துவிட்டால் சூடு இன்னும் ஏறுகிறது. ‘யார் பக்கம் சாய்கிறார்கள்?’ என்று கேட்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சார்பு செய்தியாளரின் மனத்தில் இருப்பதைவிட, யார் எதைப் பார்க்க அனுமதிக்கப்படுகிறார் என்ற ஏற்பாட்டிலேயே அதிகம் இருக்கிறது.

சார்புணர்வைப் பற்றிய, அதாவது செய்தியில் சார்பு இருப்பதாக உணர்வதைப் பற்றிய, அடிப்படை ஆய்வுகளுள் ஒன்று இம்மோதலிலிருந்தே பிறந்தது. 1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பகுதிகளில் லெபனான் கிறித்தவப் படையினர் பாலஸ்தீன அகதிகளைக் கொன்று குவித்தனர். அப்பகுதியை அப்போது இஸ்ரேல் ராணுவம் சூழ்ந்து நின்றது. இதுகுறித்த அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை வலோன், ராஸ், லெப்பர் என்னும் ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டில் 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினர். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அவை இஸ்ரேலுக்கு எதிரானவை என்றனர். அரபு ஆதரவாளர்கள் அவையே இஸ்ரேலுக்குச் சாதகமானவை என்றனர். நடுநிலையாளர் இச்செய்திகளைப் பார்த்தால் தமக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்ற அச்சமும் இரு பக்கத்திலும் இருந்தது. விவரம் அதிகம் அறிந்தவர்களிடமே இந்த உணர்வு மிகுந்திருந்தது. 1985இல் வெளியான இம்முடிவு ‘பகை ஊடக விளைவு’ என்ற கருத்துக்கு வித்திட்டது. ஆகவே, பார்ப்பவர் புண்பட்டார் என்பது மட்டுமே சார்புக்குச் சான்றாகாது.

இதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. ‘இரு தரப்பும் திட்டுகின்றன, எனவே நாங்கள் சரியாகத்தான் இருக்கிறோம்’ என்பது அவர்கள் வாதம். இது செல்லாது. இரண்டு புகார்களில் ஒன்று உண்மையாகவும் மற்றது பொய்யாகவும் இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். கிரெக் ஃபிலோ, மைக் பெர்ரி இருவரும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க சான்று. ஆக்கிரமித்திருப்பவர் யார், குடியேறிகள் யார் என்பதே பார்வையாளர் பலருக்கு விளங்கவில்லை. பாலஸ்தீனரே ஆக்கிரமிப்பாளர் என்று எண்ணியவர்களும் இருந்தனர். குண்டுவெடிப்பும் பதிலடியும் அன்றாடம் திரையில் வந்தன. பாலஸ்தீனர் இடம்பெயர்க்கப்பட்ட 1948, ஆக்கிரமிப்பு தொடங்கிய 1967 ஆகிய ஆண்டுகளின் வரலாறு வரவில்லை. பிபிசி ஆளுநர்கள் நியமித்த குவென்டின் தாமஸ் குழு 2006இல் தந்த அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது: திட்டமிட்ட சார்பு இல்லை, ஆனால் பின்னணி விளக்கம் போதவில்லை, ஒரு தரப்பு அதிகாரத்திலும் மறுதரப்பு ஆக்கிரமிப்பின் கீழும் இருக்கும் ஏற்றத்தாழ்வு போதிய அளவு உணர்த்தப்படவில்லை. எவரும் பொய் சொல்லாமலே செய்தி கோணலாக முடியும் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர்; ஏறத்தாழ 250 பேர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 40 குழந்தைகளின் தலை துண்டிக்கப்பட்டதாக ஒரு செய்தி அடுத்த சில நாள்களில் உலகைச் சுற்றியது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அக்டோபர் 17 அன்று காஸாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. நியூயார்க் டைம்ஸ் இதழின் முதல் தலைப்பு, பாலஸ்தீனத் தரப்பை மேற்கோள் காட்டி, பழியை இஸ்ரேலின் தாக்குதல் மீது போட்டது. தாக்குதல் என்ற சொல் சில மணி நேரத்தில் நீக்கப்பட்டு, வெறும் வெடிப்பு என்றானது. ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக அக்டோபர் 23 அன்று அவ்விதழ் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. பாலஸ்தீன ஆயுதக்குழுக்கள் பயன்படுத்தும் வகை ராக்கெட் ஒன்று தவறி விழுந்ததையே சான்றுகள் சுட்டுகின்றன என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் நவம்பரில் கூறியது. தவறியவை வெவ்வேறு திசையில். தவறிய விதம் ஒன்றே. நேரில் சரிபார்க்க வழியில்லாத இடத்தில் முதலில் பேசியவரின் வாக்கே செய்தியானது.

சரிபார்க்க முடியாமல் போனது தற்செயல் அன்று. அக்டோபர் 7ஐ அடுத்த போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கடந்தும், ராணுவத்தின் துணையோடு அழைத்துச் செல்லப்படும் பயணங்கள் தவிர, வெளிநாட்டுச் செய்தியாளர் காஸாவுக்குள் செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. அனுமதி கேட்ட வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கத்தின் மனுவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. உள்ளே இருந்து செய்தி அனுப்பிய பாலஸ்தீனச் செய்தியாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தடுப்பவர் ஒரு தரப்பினர் மட்டுமல்லர்: செய்தியாளரை ஹமாஸ் அச்சுறுத்துவதாக இதே சங்கம் 2014 ஆகஸ்டில் கண்டித்திருக்கிறது.

பிரபலங்களை இந்தத் தராசில் நிறுக்கக்கூடாது. சமநிலை செய்தியாளருக்குக் கடமை, நடிகருக்கு அன்று. பக்கம் சார்வது அவர் உரிமை. இங்கே ஆராய வேண்டியது, எந்தச் சந்தையில் எந்தப் பேச்சுக்கு என்ன விலை என்பதையே. 1978இல் ஆஸ்கர் மேடையில் சியோனிஸ்டுகளைச் சாடிப் பேசிய நடிகை வனெஸ்ஸா ரெட்கிரேவை அதே மேடையில் எழுத்தாளர் பேடி சயெஃப்ஸ்கி கண்டித்தார். 2023 நவம்பரில், பாலஸ்தீன ஆதரவுக் கருத்துகளை அடுத்து, நடிகை சூசன் சரண்டனை அவருடைய முகமை கைவிட்டது; நடிகை மெலிசா பரேரா ‘ஸ்க்ரீம்’ படத்தொடரிலிருந்து நீக்கப்பட்டார். மறுபுறம், இஸ்ரேல் ராணுவத்தில் பணியாற்றிய கால் கடோட் நடித்தார் என்பதற்காகவே 2017இல் ‘வொண்டர் வுமன்’ லெபனானில் தடைசெய்யப்பட்டது. ஹாலிவுட்டில் விலை வைப்பவர் முதலாளி, பெய்ரூட்டில் அரசு.

ஆனால் உண்மைக்குக் கட்டுப்படும் கடமை பிரபலத்துக்கும் உண்டு. 2024 மே மாதம் காஸாவின் ரஃபா முகாமை இஸ்ரேல் தாக்கியபின், ‘எல்லார் கண்களும் ரஃபா மீது’ என்ற பொருள்பட்ட ஒரு படம் இன்ஸ்டாகிராமில் 4 கோடி முறைக்கு மேல் பகிரப்பட்டது. இந்தியத் திரைத்துறையினர் பலரும் பகிர்ந்தனர். வரிசை வரிசையாகக் கூடாரங்கள், பின்னே மலைகள். ரத்தமோ மனித முகமோ அதில் இல்லை. அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம். அக்டோபர் 7இல் உங்கள் கண்கள் எங்கே இருந்தன என்று கேட்டு வந்த எதிர்ப்படமும் அப்படியே உருவானது. காஸாவின் ஒளிப்படக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படங்கள் இருக்க, எவரும் எடுக்காத படம் உலகை வலம் வந்தது. களத்துச் செய்தி அடைபடும்போது அந்த இடத்தை நிரப்புவது இதுதான்.

எனவே ஒரு செய்தியை எடைபோடுவோர் கேட்க வேண்டியவை வேறு: எழுதியவர் அங்கே போக முடிந்ததா? எந்த முன்கதை விடுபட்டது? தவறு தெரிந்தபின் திருத்தம் தலைப்புக்கு ஈடான இடத்தில் வந்ததா? ஊடகச் சார்பு பற்றிப் புகார் சொல்லும் இரு தரப்பாரும், தம் புகாரில் நம்பிக்கை உள்ளவர்களானால், காஸாவின் வாயில்களைச் சுதந்திரமான செய்தியாளருக்குத் திறக்கும்படி முதலில் கோர வேண்டும். அதைக் கோராதவரின் புகாரைப் பிரச்சாரம் என்றே கொள்ள வேண்டும்.